ஓர் ஈற்றில் எத்தனை குட்டி?

2004-ஆம் ஆண்டு டென்மார்க்கின் பன்றி இனவிருத்தித் திட்டத்தில் ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். அதுவரை, ஒரு தாய்ப்பன்றி ஈன்ற அன்று பிறந்த குட்டிகளையெல்லாம் எண்ணி, எந்தத் தாயின் வாரிசுகளை அடுத்த தலைமுறைக்கு நிறுத்துவது என்று முடிவு செய்வது வழக்கம். 2004 முதல் ஐந்தாம் நாள் உயிரோடு இருக்கும் குட்டிகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பார்வைக்கு இது பதிவேட்டில் தேதியை மாற்றி எழுதுவது மாதிரிதான். ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால், பன்றியின் இனப்பெருக்கம் எப்படி மரபுவழி வருகிறது என்பதைப் பற்றிய அரை நூற்றாண்டுப் படிப்பு இருக்கிறது. கூடவே, வேகமாக வென்றுவிட்ட ஒரு முயற்சியின் துயரமும் இருக்கிறது.

காட்டுப்பன்றி ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிவரை போடும். 1990-களின் தொடக்கத்தில் டென்மார்க் பண்ணைகளில் ஈற்றுக்கு 11, 12 குட்டிகள் பிறந்தன. இன்று அங்கே உயிரோடு பிறப்பவை மட்டுமே சராசரியில் 17-ஐத் தாண்டுகின்றன. முப்பது ஆண்டுகளில் இவ்வளவு ஏறியிருக்கிறது. சினைக்காலம் மட்டும் அன்றும் இன்றும் சுமார் 114 நாள்தான்.

இது நடந்ததே வியப்பு. ஒரு பண்பில் விலங்குக்கு விலங்கு தெரிகிற வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணுக்கள் வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்று கணக்கிட முடியும். முதுகுக் கொழுப்பின் தடிமனில் அந்த மரபுவழிப் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். ஈற்றுக்கு எத்தனை குட்டி என்பதில் வெறும் 10 சதவீதம். மீதியெல்லாம் தாயின் வயது, தீனி, வெயில், சேர்க்கை நடந்த நேரம், இணைந்த ஆண் பன்றி, நோய், தற்செயல். 12 குட்டி சராசரியாக உள்ள பண்ணையில் ஒரு பன்றி 20 குட்டி போட்டால் ஊரே திரண்டு வந்து பார்க்கும். தாயைப் போலப் பிள்ளை என்று நம்பி அதன் மகளை ஒருவர் வாங்கிப் போகிறார் என்று வையுங்கள். தாய் கூடுதலாகப் போட்ட 8 குட்டியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.8 மட்டும் அதன் மரபணுக்களின் பேரில் எழுதக்கூடியது. மகளுக்குப் போவது அதில் பாதி. ஆக, அவர் எதிர்பார்க்க வேண்டியது 12.4 குட்டி.

இன்னொரு சிக்கலும் உண்டு. குட்டி போடுவது பெண் மட்டும். ஆண் பன்றியைப் பார்த்து அதனிடம் என்ன இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. பெண்ணும் தன் முதல் ஈற்றைக் காட்ட ஏறக்குறைய ஒரு வயது ஆகிவிடும். இதனால் 1970-கள்வரை, குட்டி எண்ணிக்கையைத் தெரிவுமுறையால் கூட்டுவது வீண் வேலை என்று நினைத்தவர்கள் பலர். பிரான்சில் கிறிஸ்டியன் லெகோவும் அவரோடு பணியாற்றியவர்களும் நினைத்தது வேறு. தேசம் முழுவதும் உள்ள பண்ணைப் பதிவேடுகளைச் சலித்து, ஈற்றுக்கு ஈற்று தொடர்ந்து அதிகம் போட்ட அபூர்வமான தாய்களை மட்டும் பொறுக்கி, அவற்றின் மகன்களைப் பயன்படுத்தினார்கள். ஒரே ஓர் ஈற்று ஏமாற்றலாம், பல ஈற்றுகள் தொடர்ந்து ஏமாற்றுவது கடினம். இதையே கணித ஒழுங்கோடு செய்யும் முறையைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன் முன்பே வகுத்து வைத்திருந்தார். அம்மா, அத்தை, அக்கா, தங்கை, மகள் என்று உறவில் இருக்கும் எல்லாப் பெண்களின் கணக்கையும் உறவின் நெருக்கத்துக்கு ஏற்ப எடைபோட்டுச் சேர்த்தால், குட்டியே போடாத ஆணுக்கும் ஒரு மதிப்பெண் கிடைக்கும். கணினிகள் வலுப்பெற்றதும் இந்தக் கணக்கு பண்ணைக்குள் வந்தது. 1992-இல் டென்மார்க் குட்டி எண்ணிக்கையைத் தன் இனவிருத்தி இலக்கில் சேர்த்தது. அதன் பிறகு ஏற்றம் நிற்கவேயில்லை.

அதே காலத்தில் மேற்கு நாடுகள் சீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஷாங்காயை அடுத்த தாய்ஹூ ஏரிப் பகுதியில் மெய்ஷான் என்றொரு பன்றி இனம் உண்டு. முகமெல்லாம் சுருக்கம், தொங்கும் காது, மெதுவான வளர்ச்சி, உடம்பெல்லாம் கொழுப்பு. ஆனால் ஐரோப்பியப் பன்றி ஆறேழு மாதத்தில் அடையும் பருவத்தை இது மூன்று மாதத்திலேயே அடைந்துவிடும். ஈற்றுக்கு 14, 15 குட்டி என்பது அதற்குச் சாதாரணம். 1979-இல் பிரான்சும், 1987-இல் பிரிட்டனும், 1989-இல் அமெரிக்காவும் இதை வரவழைத்தன. கலப்பினத் தாய்கள் நிறையக் குட்டி போட்டன, ஆனால் அந்தக் குட்டிகள் கொழுத்து வளர்ந்தன. கொழுப்பை விரும்பாத சந்தையில் அது நஷ்டம். வந்த இனம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களிலேயே நின்றுவிட்டது. அங்கே அது சொல்லிக்கொடுத்ததோ ஏராளம்.

முதலில் எல்லோரும் தேடியது ஒற்றை மரபணுவை. 1996-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் ராத்சைல்ட் குழு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவில் ஒரு மாறுபாட்டைக் கண்டது. மெய்ஷான் ரத்தம் கலந்த வரிசையில், அதன் நல்ல வடிவத்தை இரு பிரதியாகப் பெற்ற தாய்கள், ஒன்றும் பெறாதவற்றைவிட முதல் ஈற்றில் இரண்டு குட்டிக்கும் மேல் கூடுதலாகப் போட்டன. செய்தி பரவியது, பரிசோதனைகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் பிற நாடுகளில் பிற இனங்களில் சோதித்தபோது சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் தலைகீழாக இருந்தது. ஒரு மரபணுவைப் பிடித்தால் குட்டி கூடிவிடும் என்ற ஆசை அங்கே தளர்ந்தது. 2012-இல் பன்றியின் முழு மரபுத்தொகுதியும் வெளியானபின், வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். ஐரோப்பாவின் வெள்ளைப் பன்றி எனப்படும் லார்ஜ் ஒயிட்டின் மரபுத்தொகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆசியாவிலிருந்து வந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பண்ணையாளர்கள் சீனப் பன்றிகளைக் கப்பலில் கொண்டுவந்து கலந்ததன் மிச்சம் அது. டார்வினும் இந்தக் கலப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படி வந்த ஆசியத் துண்டுகளில் ஒன்று, ஏஎச்ஆர் என்ற மரபணுவைச் சுற்றியுள்ளது, அதிகக் குட்டிகளோடு தொடர்புடையது. 1979-இல் புதிதாக வாங்கப் போனது ஓரளவு வீட்டிலேயே இருந்திருக்கிறது.

கலப்புக்கும் தனிப் பலம் உண்டு. மரபுவழிப் பங்கு குறைந்த பண்புகளில்தான் கலப்பின வீரியம் அதிகம் தெரியும். அதனால் உலகின் பெரும்பாலான பண்ணைகளில் தாய்ப்பன்றி லாண்ட்ரேஸ் இனமும் லார்ஜ் ஒயிட் இனமும் சேர்ந்த கலப்பினமாகவே இருக்கும். காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய கேபிஎம் கோல்டு பன்றியும், 75 சதவீதம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயரும் 25 சதவீதம் நாட்டுப் பன்றியுமாகக் கலந்ததுதான்.

இனி உடலுக்குள் போவோம். சிக்கல் அங்கேதான் பிடிபடுகிறது. குட்டி எண்ணிக்கை என்பது ஒரே பண்பு போலத் தோன்றினாலும் அதற்குள் குறைந்தது மூன்று கணக்குகள் இருக்கின்றன. சூலகம் எத்தனை முட்டையை விடுகிறது, விட்டவற்றில் எத்தனை கருவாகித் தங்குகின்றன, தங்கியவற்றில் எத்தனையைக் கருப்பை கடைசிவரை ஊட்டி வளர்க்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1967-இல் ஒரு நீண்ட பரிசோதனை தொடங்கியது. இளம்பன்றிகளின் வயிற்றை அறுவை செய்து திறந்து, சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் எழும் மஞ்சள் திரள்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அதிக முட்டை விட்டவற்றின் வாரிசுகளையே தலைமுறை தலைமுறையாக நிறுத்தினார்கள். ஒன்பது தலைமுறையில் முட்டைகள் ஏறத்தாழ நான்கு கூடின. குட்டிகளோ முழுதாக ஒன்றுகூடக் கூடவில்லை. முட்டைக்குப் பஞ்சமில்லை. இடத்துக்குத்தான் பஞ்சம்.

அந்த இடப்போட்டியின் தொடக்கம் மிக விசித்திரமானது. பன்றியின் கருப்பை இரண்டு நீண்ட கொம்புகளாகப் பிரிந்திருக்கும். பத்தாம் நாள் கரு ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ளே அடங்கும் சிறு உருண்டை. பதினோராம், பன்னிரண்டாம் நாளில் அது திடீரென்று நீளத் தொடங்குகிறது. மணிக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் வேகத்தில் நூலாக இழுபட்டு, சில நாளில் ஒரு மீட்டரை நெருங்குகிறது. எவ்வளவு கருப்பைச் சுவரைத் தொடுகிறதோ அவ்வளவே அதன் நஞ்சுக்கொடிக்குக் கிடைக்கும் நிலம். நீளும் கருக்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து, நாங்கள் இருக்கிறோம் என்று தாய்க்குத் தெரிவிக்கின்றன. நான்கு கருவுக்குக் குறைவாக இருந்தால் செய்தி போதாமல் தாய் மறுபடி சினைப்பருவத்துக்கு வந்துவிடும். முந்திக்கொண்ட கருக்களின் சுரப்பு கருப்பையின் சூழலை மாற்ற, பின்தங்கியவை அதைத் தாங்க முடியாமல் அழிகின்றன என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

மெய்ஷான் இங்கேதான் வேறுபடுகிறது. அதன் கருக்கள் இந்தக் கட்டத்தில் நிதானமாக வளர்கின்றன, ஈஸ்ட்ரோஜனும் குறைவாகச் சுரக்கின்றன. யாரும் யாரையும் அதிகம் முந்துவதில்லை. அயோவாவில் ஸ்டீபன் ஃபோர்டின் குழு மெய்ஷான் கருக்களையும் யார்க்‌ஷயர் கருக்களையும் இரு இனத் தாய்களின் கருப்பைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. சினையின் கடைசி மூன்று வாரங்களில் குட்டிகளின் பசி உச்சத்தில் இருக்கும். அப்போது யார்க்‌ஷயர் குட்டியின் நஞ்சுக்கொடி பரப்பை விரிக்கிறது. மெய்ஷான் குட்டியின் நஞ்சுக்கொடி பரப்பை விரிக்காமல், இருக்கும் இடத்துக்குள்ளேயே ரத்தக்குழாய்களை நெருக்கமாகப் பின்னிக்கொள்கிறது. எந்தக் கருப்பையில் வைத்தாலும் அதன் வழக்கம் அதுதான். பக்கத்துக் குட்டியின் இடத்தைப் பிடிக்காமல் தன் சாப்பாட்டைத் தேடிக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் அந்த இனத்தின் பெரிய குடும்பத்துக்கு முக்கியமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பியப் பன்றியில் இந்த ஏற்பாடு இல்லை. அதில் எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனபோது, கருப்பைக்குள் ஒவ்வொரு குட்டிக்கும் கிடைத்த பங்கு சுருங்கியது. பிரசவக் கொட்டடியில் அதைக் கண்ணால் பார்க்கலாம். நெருக்கடியில் வளர்ந்த குட்டிக்கு நெற்றி செங்குத்தாக, டால்பினின் தலைபோல இருக்கும். கண்கள் பிதுங்கியிருக்கும். வாயின் ஓரத்தில் குறுக்காகச் சுருக்கங்கள் விழுந்திருக்கும். ரோமம் ஒரு திசையில் படியாமல் கலைந்து நிற்கும். ஊட்டம் போதாதபோது உடல், மூளைக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்ற உறுப்புகளைப் பட்டினி போட்டதன் அடையாளம் இவை. மூளை அளவாக வளர்ந்து, ஈரலும் குடலும் தசையும் சிறுத்துப்போன உடல் அது.

அந்தக் குட்டிக்கு முன்னால் நிற்கும் சோதனைகள் கொடியவை. பெரும்பாலான பாலூட்டிகளின் பிறந்த குழந்தைகள் பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடேற்றிக்கொள்ளும். பன்றிக் குடும்பம் அதற்குத் தேவையான யுசிபி1 மரபணுவின் ஒரு பகுதியைச் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொலைத்துவிட்டது. பன்றிக்குட்டிக்கு உடல் நடுங்குவதும், தாயையும் கூடப்பிறந்தவற்றையும் ஒட்டிக் கிடப்பதும்தான் வழி. தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து வருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் வரவேண்டும், அதை உறிஞ்சும் குடலின் கதவு ஏறக்குறைய ஒரு நாளில் மூடிவிடும். ஈரமாக, குளிரில், ரத்தத்தில் சர்க்கரை குறைந்த நிலையில், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையோடு அது காம்பைத் தேடி நடக்கவேண்டும். அங்கே பலசாலிகள் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தாய்க்கு இருப்பது 14 அல்லது 16 காம்பு. பால் கிடைக்காத குட்டி தாயின் வயிற்றோரமே சூடு தேடிக் கிடக்கும். தாய் படுக்கும்போது நசுங்கிச் சாவது பெரும்பாலும் இந்தக் குட்டிதான்.

டென்மார்க்கில் 1990-களில் நடந்தது இதுதான். பிறப்பு ஏறியது, கூடவே சாவும் ஏறியது. மொத்தம் பிறக்கும் குட்டி எண்ணிக்கைக்கும் இறப்புக்கும் இடையே மரபுவழித் தொடர்பே அப்படி அமைந்திருந்தது. அதிகம் ஈனச்செய்யும் மரபணுக்களைத் தெரிந்தெடுத்தால், சாவுக்கு வழிசெய்யும் மரபணுக்களும் கூடவே வந்துசேரும். இறந்து பிறந்தவையும் முதல் வாரத்தில் சாகிறவையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு குட்டிவரை போனது. டேனிஷ் மக்களும் ஊடகங்களும் கேள்வி எழுப்பினார்கள். கேட்டது நியாயம்.

ஐந்தாம் நாள் ஏன்? சாவுகளில் பெரும்பங்கு முதல் சில நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எண்ணினால் வேறு குழப்பம். பண்ணையாட்கள் மிஞ்சிய குட்டிகளை வேறு தாய்களிடம் மாற்றிவிடுவதால், யாருடைய வெற்றி யாருடையது என்று சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் எண்ணிக்கைக்கும் பால் மறக்கும் நாளின் எண்ணிக்கைக்கும் மரபுவழித் தொடர்பு மிக நெருக்கம் என்று குவோஷெங் சூவும் அவர் குழுவும் டேனிஷ் பதிவுகளிலிருந்து காட்டினார்கள். முக்கியமாக, ஐந்தாம் நாளில் எண்ணும்போது முட்டை, கருப்பை, குட்டியின் பலம், தாயின் கவனம் எல்லாம் ஒரே கணக்கில் விழுந்துவிடுகின்றன. பலவீனமான இருபதை ஈனும் தாயைவிட, பிழைக்கும் பதினைந்தை ஈனும் தாய் முன்னுக்கு வருகிறது. மாற்றத்துக்குப் பின் ஐந்தாம் நாள் எண்ணிக்கையும் கூடியது, பிழைக்கும் விகிதமும் மேம்பட்டது. கணக்கின் நாளை மாற்றியதாலேயே அவ்வளவு உயிர்கள் தப்பின என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

மறைந்து வேலை செய்யும் மரபணுக்களைக் கண்டுபிடிப்பதில் எண்ணிக்கை மட்டும் போதாது. பின்லாந்தில் 1980-களின் பிற்பகுதியில் சில யார்க்‌ஷயர் ஆண்களுக்கு விந்தணுவின் வால் குட்டையாகி அசைவற்றுப் போனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் குறை பெருகியது. மலட்டுத்தனம் எப்படிப் பெருகும்? 2006-இல் அனு சிரோனனின் குழு விடை கண்டது. எஸ்பிஇஎஃப்2 என்ற மரபணுவுக்குள் இடம்மாறும் டிஎன்ஏ துண்டு ஒன்று போய்ச் செருகியிருந்தது. இரு பிரதி பெற்ற மகன் மலடு. ஆனால் அந்தத் துண்டைச் சுமந்த பெண்கள் கூடுதல் குட்டி போட்டன என்பது பிறகு தெரிந்தது. பக்கத்திலேயே புரோலாக்டின் ஏற்பி மரபணு இருப்பதால், உண்மையான பலன் அதனுடையதாக இருக்கலாம். தெரிவுமுறை தாயின் நன்மையைப் பார்த்து அந்தத் துண்டை முன்தள்ள, மகன்கள் விலை கொடுத்தன. 2018-இல் வாகனிங்கன் ஆய்வாளர்கள் இதைப் போன்ற இன்னொன்றைக் கண்டார்கள். பிபிஎஸ்9 மரபணுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம், ஒரு வணிக வரிசையில் பத்தில் ஒரு பன்றிக்கு மேல் இருந்தது. ஒரு பிரதி இருந்தால் வளர்ச்சி வேகம். இரு பிரதி சேர்ந்த கரு வயிற்றுக்குள்ளேயே செத்து வற்றிவிடும். ஆயிரக்கணக்கான பன்றிகளின் மரபணு வடிவங்களைப் படித்த சில்லுகளின் பதிவில், இரு பிரதி கொண்ட பன்றிகள் எதிர்பார்த்த அளவில் உயிரோடு தட்டுப்படவில்லை என்பதுதான் துப்பு.

இப்போது மரபணுச் சில்லுகள் பிறந்த குட்டியிலேயே அதன் மதிப்பைச் சொல்லிவிடுகின்றன. ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கருவியின் வேகம் கூடியதால், இலக்கை எங்கே வைக்கிறோம் என்ற கேள்வி இன்னும் அவசரமாகிறது. 16 காம்புள்ள தாய்க்கு 18, 19 குட்டி பிறக்கும்படி செய்துவிட்டு, மிஞ்சியதை வளர்க்கச் செவிலித்தாய்ப் பன்றிகளை நிறுத்துவது இன்று பல நாடுகளில் அன்றாட வேலை. காம்பின் எண்ணிக்கை குட்டி எண்ணிக்கையைவிட நன்றாக மரபுவழி வரும். விஆர்டிஎன் என்ற மரபணுவின் ஒரு வடிவம் முதுகெலும்பையும் காம்பையும் கூட்டுகிறது. அதையும் தெரிந்தெடுக்கிறார்கள். ஆனால் இன்னொரு காம்பு என்றால் இன்னொரு குட்டிக்கான பால், அந்தப் பால் தாயின் உடம்பிலிருந்துதான் வரவேண்டும்.

நார்வேயில் இந்தக் கணக்கை வேறுவிதமாகப் போடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஈனும் தாயைக் கம்பிக் கூண்டில் அடைத்துவைக்க அனுமதியில்லை. தாய் நடமாடும், திரும்பும், படுக்கும். குட்டியை நசுக்காத தாய் தேவை என்பதால் அந்தக் குணத்துக்கும் மரபுவழி மதிப்பு வந்துவிட்டது. நார்வே லாண்ட்ரேஸ் பதிவேட்டில் பிறந்த எண்ணிக்கையோடு மூன்றாவது வாரம் ஈற்றின் மொத்த எடையும், பால் மறக்கும்போது தாயின் உடம்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதும் குறிக்கப்படுகின்றன. ஐந்தாம் நாளில் நிறுத்திய கணக்கை மூன்றாவது வாரத்துக்கும் தாயின் உடம்புக்கும் நீட்டும் இந்த வழியே மற்ற நாடுகளும் போகவேண்டிய திசை என்று நினைக்கிறேன். குட்டி எண்ணிக்கையின் ஏற்றம் அதனால் சற்று மெதுவானாலும் பரவாயில்லை.